பெருவிரல் ரேகைக்கு மேலே இருந்த பெயர்

என் கணவர் சென்னையின் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து 1983இல், இரண்டு வயதில், நெதர்லாந்துக்குத் தத்துப்பிள்ளையாகச் சென்றவர். அவரை வளர்த்த வெள்ளையினத் தம்பதியர், "நாங்கள் நிறம் பார்த்ததே இல்லை" என்பார்கள், அது உண்மைதான். ஆனால் ஊர் பார்த்தது. பள்ளியில் கேட்ட வசவை, சொன்னால் அம்மா அழுவார் என்று அவர் வீட்டில் சொன்னதில்லை. நெதர்லாந்தின் டென் ஹெல்டர் நகரிலுள்ள தமிழர்களின் பிள்ளையார் கோவிலிலோ எல்லோரும் அவரிடம் தமிழில் பேச, ஒரு சொல்லும் புரியாமல் நின்றார். அன்று அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

2021 பிப்ரவரியில், வெளிநாட்டுத் தத்தெடுப்புகளில் நடந்த முறைகேடுகள் குறித்து டச்சு அரசின் விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. ஆராயப்பட்ட ஐந்து நாடுகளில் இந்தியா இல்லை. ஆயினும் அதைப் படித்த பிறகே, பெற்றவளைத் தேட என் கணவர் சம்மதித்தார்.

இல்லத்தில் கேட்டபோது, பழைய பதிவேடுகள் மழையில் நனைந்து போனதாக ஒரு வரியில் பதில் வந்தது. வழி திறந்தது நீதிமன்ற ஆவணத்தால். அக்காலத்தில் வெளிநாட்டவர் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் இந்திய நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, பிள்ளையை அழைத்துச் சென்று, தத்தெடுப்பைத் தம் நாட்டில் முடிப்பார்கள். எனவே அந்த நியமன ஆணையில் ஓ.பி. எண், அதாவது நீதிமன்றத்தில் தாக்கலான மனுவின் எண், இருக்கும்; தேடத் தொடங்குவோர் முதலில் அதையே பார்க்க வேண்டும். மாமியாரின் நீலக் கோப்பில் அந்த எண் இருந்தது. வழக்கறிஞர் மூலம் மனுச் செய்து, பதினான்கு மாதம் கழித்துச் சான்றிட்ட நகல் பெற்றோம்.

அதில், பெற்றவள் பிள்ளையை ஒப்படைத்த பத்திரம் தமிழில் இருந்தது. அடியில் இடது பெருவிரல் ரேகை, மை சற்றே இழுபட்டிருந்தது. நெதர்லாந்துக்கு அனுப்பிய ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஆண் குழந்தை' என்று மட்டுமே உண்டு. தமிழிலோ, தான் கூப்பிட்டு வந்த பெயரை அவள் சொல்லியிருந்தாள். முருகன் பெயர்களில் ஒன்று; அதை இங்கே எழுத மாட்டேன். அதில் ஒரு ழகரம் உண்டு.

நான் வாசித்தபோது மாமியாரும் உடனிருந்தார். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லித் தரும்படி கேட்டார். தாயும் மகனும் என் உதடுகளைப் பார்த்துச் சொல்லிப் பழகினார்கள்.

இந்தியாவின் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, பெற்றவரைத் தேடும் 'வேர்தேடல்' விண்ணப்பத்தைத் தத்துப்பிள்ளையே கொடுக்க வேண்டும். பெற்றவரின் அந்தரங்க உரிமையும் காக்கப்பட வேண்டும். அது நியாயமே. இந்திய அரசின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்துக்கு என் கணவர் தம் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.