பொங்கல் கூட்டத்தில் மின்சார கார் சார்ஜர்: எவ்வளவு ஏற்றலாம், எப்போது எடுக்கலாம்

பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால், சென்னை–திருச்சி சாலையில் விக்கிரவாண்டி தொடங்கி உளுந்தூர்பேட்டை வரை எந்த சார்ஜருக்குப் போனாலும் முன்னால் ரெண்டு மூணு கார் நிற்கிறது. சார்ஜர் போதவில்லை என்பது உண்மைதான். 2022-ல் பாரத் பெட்ரோலியம் இந்தச் சாலையில் பங்க்குகளில் சார்ஜர் வைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இன்று நிறையவே வந்துவிட்டன, கார்கள் அதைவிட வேகமாக வந்துவிட்டன. நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒன்று, இருபுறமும் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 வழிகாட்டுதலில் எழுதியது. ஆனால் பல இடங்களில் நிலையம் என்பது ஒரே மெஷின், ரெண்டு கன் (காரில் சொருகும் கைப்பிடி). அந்த ரெண்டு கன்னை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் வரிசை ஒரு மணி நேரமா, நாலு மணி நேரமா என்பது முடிவாகிறது.

முதலில், எல்லாரும் ஏன் அங்கேயே குவிகிறார்கள்? சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 125 கி.மீ., விக்கிரவாண்டி 150, உளுந்தூர்பேட்டை 200, பெரம்பலூர் 270, திருச்சி 330. பேட்டரி 40 யூனிட் (கிலோவாட்-அவர்) என்று வைத்துக்கொள்வோம். ஏசி போட்டு, நாலு பேரும் பெட்டிகளுமாக 90–100 வேகத்தில் போனால் யூனிட்டுக்கு ஆறரை, ஏழு கி.மீ. கிடைக்கும். நூறில் கிளம்பிய வண்டி இருபது சதவீதத்துக்கு வரும்போது சுமார் 210 கி.மீ. ஓடியிருக்கும். அதிகாலை அஞ்சு மணிக்குக் கிளம்பிய எல்லாருக்கும் காலைப் பசியும் பேட்டரி தீர்வதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வருகின்றன.

இதைத் தவிர்க்க எளிய வழி, பசிக்கும் முன்பே நிறுத்துவது. அதே வண்டி திண்டிவனத்துக்கு வரும்போது 55 சதவீதம், அதாவது 22 யூனிட் மிச்சம் இருக்கும். அங்கே 30 கிலோவாட் சார்ஜரில், அதாவது மணிக்கு 30 யூனிட் ஏற்றும் மெஷினில், இருபது நிமிடம் போட்டால் 10 யூனிட் ஏறி 80 சதவீதம் ஆகிவிடும். அடுத்த 145 கி.மீ.க்கு 21 யூனிட் போக, பெரம்பலூரில் 27 சதவீதத்தோடு இறங்கலாம். நெரிசலான பகுதி முழுவதையும் நிற்காமலே தாண்டியாயிற்று. 55 சதவீதத்தில் நிறுத்த மனசு வராது, தெரியும். கூட்ட நாளில் மட்டும் அந்தத் தயக்கத்தை விடுங்கள்.

அடுத்தது, எவ்வளவு ஏற்றுவது. இந்தக் கணக்கைத்தான் பலரும் போடுவதில்லை. 45 யூனிட் வண்டி ஒன்று 25 சதவீதத்தோடு உளுந்தூர்பேட்டைக்கு வருகிறது, கையில் 11 யூனிட். திருச்சிக்கு இன்னும் 130 கி.மீ., அதற்கு 19 யூனிட். கைக்காவலுக்கு 5 யூனிட் சேர்த்தால் மொத்தம் 24. ஆக ஏற்ற வேண்டியது 13 யூனிட்தான். 30 கிலோவாட்டில் 26 நிமிடம். அதே வண்டியை 80 வரை விட்டால் 50 நிமிடம். நூறு வரை விட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். திருச்சியில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்கப்போகும் வண்டிக்கு, அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் எதற்கு? பின்னால் நிற்கிற நாலு வண்டியும் அதே மாதிரி செய்தால் அஞ்சாவதாக வருபவர் காத்திருப்பு ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குப் போய்விடும்.

80-க்கு மேல் ஏன் அவ்வளவு இழுக்கிறது என்றால், பேட்டரிக்குள் இருக்கும் செல்களின் வோல்டேஜ் உச்ச வரம்பை நெருங்கும்போது கார் தானே கரண்டைக் குறைத்துக் கேட்கிறது. மெஷின் 60 கிலோவாட்டாக இருந்தாலும் கார் கேட்பதைத்தான் அது கொடுக்கும். 90-ஐத் தாண்டினால் பல வண்டிகளில் பத்து கிலோவாட்டுக்கும் கீழே போய்விடும். கடைசி சில சதவீதத்தில் செல்களைச் சமன் செய்யும் வேலையும் நடக்கும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வைத்திருப்பவர்கள், “கையேட்டிலேயே நூறு வரை போடச் சொல்லியிருக்கிறதே” என்பார்கள். சரிதான், அந்த வகை பேட்டரியில் வோல்டேஜ் பெரும்பகுதி ஒரே மட்டத்தில் இருப்பதால், அவ்வப்போது முழுவதும் ஏற்றினால்தான் சதவீதக் கணக்கு சரியாக இருக்கும். அதை வீட்டில் ராத்திரி, வீட்டுக் கரண்டில் மெதுவாக ஏற்றும் சார்ஜரில் செய்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் இருக்கும் டிசி (நேர் மின்னோட்ட) வேக மெஷின் அதற்கான இடமில்லை.

விதிவிலக்கு உண்டு. மலையேறப் போகிறவர்கள், அடுத்த சார்ஜர் எட்டாத தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போகிறவர்கள் 95 வரை போட்டே ஆகவேண்டும். அப்போது காத்திருப்பவரிடம் போய் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, நான் வால்பாறை போறேன், 95 வேணும், இன்னும் நாற்பது நிமிஷம் ஆகும்.” காரணமும் நேரமும் தெரிந்தால் அவர் வேறு சார்ஜரையாவது பார்ப்பார். எதுவும் தெரியாமல் வெயிலில் நிற்பதில்தான் சண்டை பிறக்கிறது.

மெஷினைத் தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. ‘60 கிலோவாட், ரெண்டு கன்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஒரு வண்டி நின்றால் 60, ரெண்டு நின்றால் ஆளுக்கு 30 என்று பொருள். உள்ளே இருக்கும் பவர் மாட்யூல்கள் பிரிந்துகொள்ளும். பக்கத்தில் இன்னொரு மெஷின் முழுக்கக் காலியாக இருக்கும்போது, ஏற்கெனவே ஒருவர் போட்டிருக்கும் மெஷினில் ரெண்டாவது கன்னை எடுத்தால் இருவருக்குமே நஷ்டம். அதேபோல உங்கள் வண்டி அதிகபட்சம் 50 கிலோவாட்தான் வாங்கும் என்றால், 30, 60 எல்லாம் காலியாக இருக்கையில் 240 கிலோவாட் மெஷினை அடைத்துக்கொள்ளாதீர்கள். அதை உண்மையிலேயே பயன்படுத்தக்கூடிய மஹிந்திரா பிஇ 6 மாதிரி வண்டி அதில் இருபது, முப்பது நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும், அந்த இடமும் சீக்கிரம் காலியாகும்.

நிறுத்தும்போது உங்கள் சார்ஜிங் மூடி எங்கே இருக்கிறது என்று பார்த்து நிறுத்துங்கள். எம்ஜி இசட்எஸ் வண்டிக்கு முகத்தில், டாடா நெக்ஸானுக்குப் பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில். ஒருவர் மூக்கை உள்ளே விட வேண்டும், இன்னொருவர் ரிவர்ஸில் வர வேண்டும். கேபிள் நீளமாக இருக்காது. எட்டவில்லை என்று குறுக்கே நிறுத்தினால் ரெண்டாவது கன் யாருக்கும் உதவாது.

இனி தொடங்கும் முறை. ஒரே தடவையில் தொடங்கிவிட்டால் வரிசைக்குப் பத்து நிமிடம் மிச்சம். உங்கள் முறை வரும் முன்பே அந்த சார்ஜர் கம்பெனியின் ஆப்பை இறக்கி, வாலட்டில் பணம் போட்டு, ஓடிபி எல்லாம் முடித்து வைத்திருங்கள். கட்டணத்தோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள். பணம் தீர்ந்து பாதியில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வண்டியை பார்க்கில் போட்டு, அணைத்து, கன்னை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திச் சொருகுங்கள். அதன்பிறகே ஆப்பில் ஸ்டார்ட்.

சொருகும் முன் கன்னின் முகத்தை ஒரு நொடி பாருங்கள். மேலே வட்டம், அதில் உண்மையில் வேலை செய்பவை நடுவில் இருக்கும் எர்த்தும், தகவல் பரிமாற்றத்துக்கான ரெண்டு சின்ன முனைகளும். கீழே ரெண்டு பெரிய துளைகள், டிசி பிளஸ், மைனஸ். முழுக் கரண்டும் அவற்றின் வழியேதான் ஓடுகிறது. அந்தத் துளையைச் சுற்றி கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகிய மாதிரி இருந்தாலோ போடாதீர்கள். படம் எடுத்து ஆப்பில் இருக்கும் உதவி எண்ணுக்கு அனுப்புங்கள். மண்ணும் ஈரமும் புகுந்து, இணைப்பு தளர்ந்து, சூடேறி வருவதுதான் பெரும்பாலும் அந்தக் கறுப்பு. ஆகவே முடித்தபின் கன்னைத் தரையில் போட்டுவிட்டுப் போகிறவர் அடுத்த வாரம் வருகிற யாரோ ஒருவரின் சார்ஜிங்கைக் கெடுத்துவிட்டுப் போகிறார். கன்னை அதன் கூட்டில் மாட்டுங்கள், கேபிளைச் சுற்றி வையுங்கள். அரை நிமிட வேலை.

ஸ்டார்ட் கொடுத்ததும் காரும் மெஷினும் பேசிக்கொள்ளும். மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனை நடக்கும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஆகலாம். இங்கேதான் அதிகம் சொதப்பும். கேபிள் கனமானது, கன் கீழ்நோக்கித் தொங்கும்போது மேலுள்ள சின்ன முனைகள் சரியாகத் தொடாமல் போகும். கன்னைச் சற்றே மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தபடி திரையில் கிலோவாட் எண் ஏறும்வரை நில்லுங்கள். அப்படியும் எரர் வந்தால் கன்னைக் கழற்றி, காரைப் பூட்டி, ரெண்டு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். ரெண்டு தடவைக்கு மேல் ஆகவில்லை என்றால் அடுத்த கன்னுக்கு மாறுவதோ, அடுத்தவரை முயலச் சொல்வதோதான் நியாயம். சில சமயம் கோளாறு உங்கள் காருக்கும் அந்த மெஷினுக்கும் மட்டும் ஒத்துப்போகாதது. அடுத்த வண்டிக்கு உடனே ஏறிவிடும். எண் ஏறிய பிறகே டிபனுக்குப் போங்கள். நின்றுபோனதை அரை மணி கழித்து வந்து பார்ப்பது எல்லாருக்கும் நஷ்டம்.

மெஷினில் இருக்கும் பெரிய சிவப்புப் பொத்தானை யாரும் விளையாட்டுக்குக்கூடத் தொடக்கூடாது. சார்ஜிங்கை நிறுத்துவதற்கு ஆப் இருக்கிறது, திரை இருக்கிறது, கார்டு இருக்கிறது. சிவப்புப் பொத்தான் தீ, புகை, ஷாக் மாதிரியான அவசரத்துக்கு. அதை அழுத்தினால் பெரும்பாலும் ரெண்டு கன்னும் சேர்ந்து செத்துவிடும். திருகி விடுவித்தாலும் சில மெஷின்கள் கம்பெனிக்காரர் தூரத்திலிருந்து ரீசெட் செய்யும்வரை எழுந்திருக்காது. அடுத்தவர் கன் 80 தாண்டிவிட்டது என்று கோபத்தில் இதை அழுத்தினால், உங்கள் கன்னும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தவர் கன்னைப் பிடுங்கவும் முடியாது. சார்ஜ் ஏறும்போது கார் அதைப் பூட்டிக்கொள்ளும். வற்புறுத்தி இழுத்தால் பூட்டு முள் உடையும். ஓட்டுநரைக் கண்டுபிடிப்பது ஒன்றே வழி. அதனால் டாஷ்போர்டில் ஒரு அட்டை வையுங்கள்: போன் நம்பர், எத்தனை சதவீதம் வரை, எத்தனை மணிக்கு எடுப்பீர்கள். ‘80% – 9.40’ என்று எழுதினால் போதும். போனை சைலண்டில் போடாதீர்கள். முடிய அஞ்சு நிமிடம் இருக்கும்போதே வந்து நில்லுங்கள். பில் பார்ப்பது, பிள்ளைகளை ஏற்றுவது, கண்ணாடி துடைப்பது எல்லாம் வண்டியை நகர்த்திய பிறகு.

வரிசை என்பது கண்ணுக்குத் தெரியாததுதான் இங்கே பெரிய சிக்கல். பங்க்கில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், இங்கே ஒருவர் வேப்ப மரத்தடியில், ஒருவர் ஓட்டல் வாசலில். வந்தவுடன் இறங்கி, “யாரெல்லாம் வெயிட்டிங்?” என்று கேட்டு, கடைசி ஆளின் வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிறகு நீங்கள்; அடுத்து வருகிறவருக்கு அதைச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. ஆப்பில் ‘காலி’ என்று காட்டுவது வரிசையைக் காட்டாது. மெஷினின் சிம்முக்கு சிக்னல் போய்விட்டால் ஓடுகிற கன்கூடக் காலி என்றோ பழுது என்றோ தெரியலாம். ஓட்டல் வாட்ச்மேன் அண்ணனிடம் கத்திப் பயனில்லை. மெஷின் அவர் கையில் இல்லை. ஆனால் பெட்ரோல் கார் ஒன்று சார்ஜர் இடத்தில் நின்றால் மைக்கில் நம்பரைக் கூப்பிடுவது அவர்தான்.

நடத்துபவர்களுக்கும் ஒன்று. சார்ஜ் முடிந்தும் எடுக்காத வண்டிக்கு டெஸ்லா 2016 டிசம்பரிலேயே நிமிடக் கட்டணம் கொண்டுவந்தது. நம் சாலைகளிலும் அது எல்லா இடத்திலும் வரவேண்டும் என்றே சொல்வேன், கூடவே லீவு நாட்களில் 80-க்கு மேல் யூனிட் விலையை ஏற்றுவதும். யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்கினால் மெதுவாக ஏறும் கடைசி இருபது சதவீதத்துக்கும் அதே விலைதான். நேரத்தை அடைத்துக்கொள்பவருக்கு அதில் எந்த இழப்பும் தெரியாது.

எல்லா கன்னும் நிரம்பி, கையில் பத்து சதவீதம்தான் என்றால், பக்கத்து லாட்ஜில் 15 ஆம்பியர் பிளக் கேளுங்கள். மணிக்கு ரெண்டரை, மூணு யூனிட் ஏறும்; ராத்திரி பத்து மணி நேரத்தில் 25 யூனிட், திருச்சிக்குத் தாராளம். காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரில் சிவப்பு விளக்கு வந்தால் பெரும்பாலும் அங்கே எர்த் சரியில்லை, வேறு பிளக் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், வயர் சூடாகும். சுவர் பிளக்கையும் அரை மணி கழித்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் காரின் செட்டிங்கில் கரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், குறைக்க வழியில்லாத வண்டியென்றால் கழற்றிவிடுங்கள். லாட்ஜ்காரருக்கு எத்தனை யூனிட் என்று காரின் திரையைக் காட்டி, வெளி சார்ஜர் விலையிலேயே கொடுத்துவிடுங்கள்.