"நல்லா ஞாபகம் இருக்கா?"

சட்ட உதவி மையத்தில் முதியோர் வழக்குகளைப் பார்க்க ஆரம்பித்து 18 வருடங்கள் ஆகின்றன. ஓர் அம்மாவை இன்னும் மறக்க முடியவில்லை. அவருக்குத் தெரியாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. பணம் எடுத்த சீட்டுகளின் நகல்களை மேசைமேல் பரப்பி, ஒரு கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "என் கை நடுங்கும் தம்பி. இது எவ்வளவு நேரா இருக்கு பாருங்க." ஆனால் புகாரை வாங்கியவர் கேட்ட முதல் கேள்வி, "நல்லா ஞாபகம் இருக்கா? நீங்களே எடுத்துட்டு மறந்திருப்பீங்களோ?"

எடுத்தது மகன். அது தெரிந்ததும் புகாரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அவன்தானாம். பயந்துவிட்டார் என்று அன்று நினைத்தேன். அவருக்கு வேறு ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. 60 வயது கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஒரே வருடத்துக்குள் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டும் முதியவர்கள் வருகிறார்கள். மனைவியை அடிப்பவர்கள், குழந்தைகளைச் சீரழித்தவர்கள் உண்டு. நரைத்த தலைக்காக அவர்கள்மேல் இரக்கப்பட என்னால் முடிவதில்லை. ஆனால், அதுவரை ஒரு தவறும் செய்யாதவர் 62 வயதில் கடையில் திருடிப் பிடிபட்டால் யோசிக்க வேண்டாமா? குற்றச்செயல்கள் பதின்பருவத்தின் கடைசியில்தான் உச்சத்தில் இருக்கும், வயது ஏற ஏறக் குறையும்.

அப்படி வந்தவர் ஓய்வுபெற்ற கணக்காளர். அவரிடமும் அதே கேள்வி. எந்த அலமாரி, எத்தனை மணி என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார், துளி கூச்சமில்லாமல். திமிர் என்று எழுதிவிட்டார்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோய் அது. தொடக்கத்தில் ஞாபகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கூச்சமும் கட்டுப்பாடும்தான் முதலில் போகும். "அவர் இப்படிப்பட்டவர் இல்லீங்க" என்று அவர் மனைவி முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

இப்போது குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பது, "எப்போதிலிருந்து இப்படி?" புகார் கொடுக்க வருபவரிடம் அறையில் அவர் மட்டும் இருக்கும்போது கேட்பது, "நாளைக்கு உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?"