ஆவணி முதல் கார்த்திகை வரை

20 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

எச்பிஏ1சி, அதாவது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையைக் கொண்டு கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை, 8.9. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 186. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 271. வைட்டமின் பி12 168. எடை 71 கிலோ.

சர்க்கரை நோய்க்கு நான் எடுக்கும் கிளிமெபிரைடு மாத்திரையை 2 மில்லிகிராமிலிருந்து உயர்த்தலாம் என்று மருத்துவர் எழுதப் போனார். உணவை அடியோடு மாற்றிப் பார்க்க மூன்று மாதம் அவகாசம் வேண்டும் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் நாள்தோறும் இருவேளை வீட்டிலேயே சர்க்கரை பார்த்து எழுதி வைக்க வேண்டும், அளவு தொடர்ந்து 100-க்குக் கீழே வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அழைக்க வேண்டும், எந்த மாத்திரையையும் நானாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையால் பாதங்களில் இங்குமங்குமாகத் தொட்டார். தொடுவது தெரியும்போதெல்லாம் நான் சொல்ல வேண்டும். இடது காலின் சிறுவிரலையும் தொட்டாராம்.

22 ஆகஸ்ட், வியாழன்

அக்காவிடம் சொல்லப் போவதில்லை.

24 ஆகஸ்ட், சனி

மீனையும் கறியையும் தொடாத உனக்கு இது ஏன் வந்தது என்று அத்தை இன்றும் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவள் என்பதால் ஒரு நாளைய உணவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். காலையில் நான்கு இட்லி, மதியம் பொன்னியரிசிச் சோறு, இரவில் தோசை, ஆக மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசிதான். இடையில் சர்க்கரை போட்ட பால் காப்பி நான்கு முறை, மாலையில் வடையோ பஜ்ஜியோ, எல்லாவற்றின் மேலும் நல்லெண்ணெய், நெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது, நாரோ சிறிதும் இல்லை. காய்கறி என்று இலையில் இருந்தது ஒரு கைப்பிடிகூடத் தேறாது. இதைத்தான் சைவ உணவு என்று சொல்லி இத்தனை ஆண்டுகளாக நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். பிறர் தட்டில் இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி.

சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2012-இல் நம் அரிசி வகைகளை அளந்து வெளியிட்டது. அதில் பொன்னியின் சர்க்கரை உயர்த்தும் குறியீடு 70.2, சோனா மசூரிக்கு 72. அதே நிறுவனத்தார் பின்னர் உடற்பருமன் உள்ளவர்களுக்கு வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசியைக் கொடுத்து அளந்தபோது, சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைவாக இருந்தது. அதோடு பருப்பு வகைகளையும் சேர்த்தபோது இன்னும் சிறிது குறைந்தது. ஆகவே இனி முழுத் தானியம், பயறு, கீரை, காய், பழம், அளவாகக் கடலையும் எள்ளும். பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, மைதா, தீட்டிய அரிசி எதுவும் இல்லை. 2023-இல் வெளியான கணக்கின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல் இலையைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களோ.

28 ஆகஸ்ட், புதன்

கடுகு வெடிப்பதற்கு எண்ணெய் தேவையில்லை. இரும்புக் கரண்டி நன்றாகக் காய்ந்திருந்தால் போதும், வெறும் கரண்டியிலேயே வெடிக்கிறது, உளுத்தம்பருப்பும் சிவக்கிறது. கறிவேப்பிலைதான் கருகிவிடுகிறது, அதைக் கடைசியில் போட வேண்டும். வெங்காயத்துக்கு ஒரு கை தண்ணீர் தெளித்தால் வதங்கிவிடும். சுவை குறைகிறதா என்றால் குறைகிறது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, எழுந்து போய்த் தமக்கு மட்டும் ஊறுகாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டார்.

காப்பி விஷயம் வேறு. கும்பகோணத்தில் பால் இல்லாமல் காப்பி குடிப்பவளை இந்தத் தெருவே பார்த்துச் சிரிக்கும். சோயாப் பாலைச் சூடான டிகாஷனில் ஊற்றினேன், திரிந்துபோயிற்று. வெறும் டிகாஷனில் வெந்நீர் கலந்து குடித்தேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லாதவர்கள் இல்லை. நன்றாக அரைத்த மாவில் நீர்க்கக் கூழ் காய்ச்சி இரண்டு டம்ளர் குடித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 232. பொன்னியரிசிச் சோற்றுக்கே இவ்வளவுதான் வந்திருக்கும். மாவு நைஸாக நைஸாக, அது குழையக் குழைய, உடம்புக்குள் போனதும் அதைச் செரிக்கும் வேலை மிச்சமிருப்பதில்லை என்பதுதான் காரணம். தானியத்தின் பெயரைவிட அது எந்த வடிவத்தில் வாய்க்குள் போகிறது என்பது முக்கியம். இதை ஏன் யாரும் சொல்வதில்லை? சத்துமாவுப் பொட்டலங்கள் எப்படி விற்பனையாகும் என்பதற்காகவோ என்னவோ.

4 செப்டம்பர், புதன்

முழுக் கம்பை எப்படிச் சமைப்பது என்று அத்தையிடம் கேட்டேன். எண்பத்து நான்கு வயதில் அவருக்கு ஒரு வேலை கிடைத்த மகிழ்ச்சி. தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் ஒன்றிரண்டாக இடித்து, உமி மட்டும் போகப் புடைத்து, பிறகு ஊற வைத்து வேக வைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தே செய்ய வைத்தார். அவர் மணமாகி வந்த காலத்தில் இந்த வீட்டில் கைக்குத்தல் அரிசிதான். ஆலை வந்த பிறகு, வெள்ளையாகத் தீட்டிய அரிசி கௌரவம் என்றாகிவிட்டது. தவிடெல்லாம் மாட்டுக்குப் போயிற்று. அந்த மாடு நன்றாகத்தான் இருந்தது என்றும் சொன்னார். கம்புச் சோறு, கொள்ளு ரசம், முருங்கைக்கீரை, கொத்தவரங்காய்: 164.

அதே அத்தை இரவில் தயிர் வேண்டாமா என்று மறுபடியும் கேட்டார்.

7 செப்டம்பர், சனி

விநாயகர் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை இரண்டு. 241.

12 செப்டம்பர், வியாழன்

இரவு படுக்கும்போது 121. காலை ஆறு மணிக்கு 152. நடுவில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகவில்லை. விரலை மாற்றிக் குத்தினேன், 149. ஒரு வாரமாக இப்படித்தான். உண்ணாத வேளையில் ஏறுகிற இந்த முப்பது எங்கிருந்து வருகிறது என்ற எண்ணத்திலேயே காலை முழுவதும் போயிற்று. விடியலை ஒட்டிச் சுரக்கும் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் உடம்பை எழுப்புவதற்காகக் கல்லீரலை முடுக்குகின்றன, அது தன்னிடமிருந்து குளுக்கோசை இரத்தத்தில் விடுகிறது, எல்லாருக்கும் நடப்பதுதான். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு உடனே இன்சுலின் சுரந்து அதைச் சமன் செய்துவிடுகிறது, எனக்குச் செய்வதில்லை. நான் எடுக்கும் இன்னொரு மாத்திரையான மெட்ஃபார்மின் முக்கியமாக அடக்கிவைப்பதும் கல்லீரலின் இந்த வேலையைத்தான். எனவே வெறும் வயிற்று எண் எனக்குக் கடைசியில்தான் இறங்கும் போலிருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்த கொழுப்பு கரையக் கரைய இன்சுலினுக்கு உடம்பு செவிகொடுக்கத் தொடங்கும் என்கிறார்கள். எண்ணெயை விடச் சொல்வதற்கும் காரணம் அதுதான். இது தெரிந்திருந்தும் காலையில் அந்தச் சிறு திரையில் 152 என்று பார்க்கும்போது, நேற்றைய பட்டினிக்கும் கீரைக்கும் யாரோ பூஜ்யம் போட்டுக் கொடுத்ததாகவே தோன்றுகிறது.

குளித்துவிட்டு வரும்போது சிறுவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

13 செப்டம்பர், வெள்ளி

144.

19 செப்டம்பர், வியாழன்

எதிர்வீட்டில் காலையில் பால் காயும் மணம். கதவைச் சாத்தினேன்.

23 செப்டம்பர், திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஒரு ஆய்வுக் கட்டுரை அனுப்பியிருக்கிறாள். அமெரிக்காவில் நீல் பர்னார்டு என்ற மருத்துவரின் குழு 2006-இல் வெளியிட்டது. சர்க்கரை நோயாளிகள் 99 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்புக் குறைந்த முழுத் தாவர உணவையும் மறுபாதிக்கு அந்நாட்டு நீரிழிவுச் சங்கம் பரிந்துரைத்த உணவையும் கொடுத்து, 22 வாரம் பார்த்திருக்கிறார்கள். முதல் குழுவில் எச்பிஏ1சி 0.96 புள்ளியும், இரண்டாம் குழுவில் 0.56 புள்ளியும் குறைந்தன. மகள் இதைப் பெரிய வெற்றியாகச் சொல்கிறாள். எனக்கு அவ்வளவு எளிதில் திருப்தி வரவில்லை: எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று அவர்களுடைய புள்ளியியலே சொல்கிறது. ஆனால் மருந்தின் அளவு மாறாதவர்களை மட்டும் எடுத்தால் 1.23-க்கு 0.38, அது வலுவான வேறுபாடு. முதல் குழுவில் 43 விழுக்காட்டினருக்கு மருந்தைக் குறைக்க வேண்டியிருந்ததால்தான் மொத்தக் கணக்கு மங்கிவிட்டது. மருந்தைக் குறைத்ததும் ஒரு பலன்தானே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மாணவர்களுக்குக் கொடுக்க நல்ல கேள்வி. இரண்டு குழுவுக்குமே குறைந்திருக்கிறது என்பதையும் மகளிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம்.

26 செப்டம்பர், வியாழன்

முற்பகல் பதினொன்றரை மணிக்குக் கை நடுங்கி, நெற்றியில் குப்பென்று வியர்த்தது. 64. மூன்று தேக்கரண்டி குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, அவர் பக்கத்தில் நிற்கக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: 93. பிறகு ஒரு கிண்ணம் பச்சைப்பயறு. மருத்துவரை அழைத்தேன். உணவு மாறினாலும் கிளிமெபிரைடு கணையத்தைப் பழையபடியே இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும் என்றார். 1 மில்லிகிராமாகக் குறைத்தார். மெட்ஃபார்மின் அப்படியே தொடர்கிறது.

பயந்துவிட்டேன். இருந்தாலும் மாத்திரை பாதியானதை அத்தையிடம் சொன்னபோது என் குரலில் பெருமை இருந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

கொலுவுக்கு அக்கா தஞ்சாவூரிலிருந்து வந்தாள். வாசற்படி ஏறுவதற்கு அவள் மகன் தோளைக் கொடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆண்டு முழுவதும் நவராத்திரியாக இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. காராமணி, கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி என்று தினம் ஒரு சுண்டல். எண்ணெயை மட்டும் விட்டுவிட்டுத் தேங்காயைக் குறைத்தால் போதும். மாலையில் அது மட்டும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்தும் 130-ஐத் தாண்டவில்லை. அக்கா இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள். நீ ஏன் மெலிந்திருக்கிறாய் என்று கேட்டாள். நடக்கிறேன் என்றேன். என் பாதங்களைப் பார்த்தாள். நான் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

16 அக்டோபர், புதன்

மழை. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். 133.

22 அக்டோபர், செவ்வாய்

மாப்பிள்ளைச் சம்பா வந்தது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து. அங்கே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 174 மரபு நெல் வகைகளைத் திரட்டிக் காத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மறைந்து ஆறு ஆண்டாகப் போகிறது. சிவந்த, தடித்த அரிசி. எட்டு மணி நேரம் ஊறினாலும் வேக நேரமாகிறது, மென்று முடிக்க அதைவிட நேரமாகிறது. ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. 158. நல்ல அரிசி என்றாலும் அரிசி அரிசிதான். அளவு தப்பினால் ஏறத்தான் செய்யும். சாமைக்கும் இதே கதை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. அதிரசம் அரை. இலேகியம் ஒரு உருண்டை. சர்க்கரை பார்க்கவில்லை.

8 நவம்பர், வெள்ளி

விரல் மரத்துப் போனதற்குச் சர்க்கரைதான் காரணம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று மருத்துவர் வேறொன்றும் சொன்னார். பி12 குறைந்தாலும் நரம்பு இப்படித்தான் மரக்கும். மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுத்தால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும்; நான் எட்டு ஆண்டாக எடுக்கிறேன். தாவர உணவில் பி12 கிடையாது. பாலையும் தயிரையும் விட்டபின் எனக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. ஆகஸ்டிலிருந்தே பி12 மாத்திரை எடுத்து வருவதால் பரவாயில்லை, இந்த உணவில் இருக்கும்வரை அதை ஒருநாளும் விடக் கூடாது என்றார். கீரை தின்றால் எல்லாம் வந்துவிடும் என்று கைப்பேசியில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஸ்பைருலினா என்னும் சுருள்பாசியில் இருக்கிறது என்று வேறு விற்கிறார்கள், அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

ஆக, இந்த மரப்புக்குக் காரணம் சர்க்கரையா, பி12 குறைவா, இரண்டுமா? பி12 என்றால் மீள வழி இருக்கிறது. சர்க்கரை என்றால் இதற்குமேல் போகாமல் நிறுத்துவதே பெரிது. அக்காவுக்கும் முதலில் மரப்புதான். வெந்நீர் என்று தெரியாமல் காலை வைத்தாள். எனக்கு இப்போது முழங்கையால் தொட்டுப் பார்க்காமல் வாளியில் கால் வைக்க முடிவதில்லை. தினமும் இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். அவர் வந்தால் ஒளித்துவிடுகிறேன்.

14 நவம்பர், வியாழன்

உலக நீரிழிவு நாள். அவர் எனக்காகப் பாலில்லாத காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அதற்கு எவ்வளவு டிகாஷன், எவ்வளவு வெந்நீர் என்பது இந்த ஊரில் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை.

20 நவம்பர், புதன்

எச்பிஏ1சி சோதனைக்கு இரத்தம் கொடுத்தாயிற்று. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், ஆகஸ்டின் இனிப்பில் ஊறிய அணுக்களிலும் சில இன்றைய குப்பியில் இருக்கும். ஆனாலும் கடைசி ஒரு மாதத்தின் பங்கே ஏறக்குறைய பாதி என்கிறார்கள். அந்தப் பாதியில்தான் தீபாவளி வந்தது.

21 நவம்பர், வியாழன்

எச்பிஏ1சி 7.2. அதை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரி இரத்தச் சர்க்கரை வரும்: 160. ஆகஸ்டில் 209 ஆக இருந்தது. வெறும் வயிற்றில் 124. எடை 65.8. பி12 412. கிளிமெபிரைடை முழுவதும் நிறுத்திவிட்டார், மெட்ஃபார்மின் தொடரும். 7-க்குக் கீழே வரட்டும், பிறகு பேசலாம் என்றார். நைலான் இழைச் சோதனையில் மாற்றமில்லை.

அத்தை தயிரைப் பற்றிக் கேட்டார்.

23 நவம்பர், சனி

அக்காவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை; மகளாகத்தான் இருக்கும். காலையிலேயே தொலைபேசியில், என்னிடம் மறைத்தாயா என்று ஒரு அழுகை. அது முடிந்ததும், திங்கட்கிழமையிலிருந்து நானும் அரிசியை நிறுத்துகிறேன் என்றாள். நிறுத்தாதே என்று கத்திவிட்டேன். அவள் இருவேளை இன்சுலின் போடுகிறவள். இன்சுலின் அளவைக் குறைக்காமல் உணவை மட்டும் ஒரே நாளில் மாற்றினால் எனக்கு வந்த 64 அவளுக்கு 40 ஆகலாம், அதுவும் நள்ளிரவில். சிறுநீரகமும் சரியாக இல்லை. எனக்கு நல்லதாக இருக்கிற கீரையும் பயறும் அவளுக்குப் பொட்டாசியத்தைக் கூட்டிவிடக்கூடும். முதலில் அவளுடைய மருத்துவரைப் பார்த்து, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனையும் பொட்டாசியமும் எடுத்து, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்க வேண்டும். நாளைக் காலைப் பேருந்தில் நானும் அவரும் தஞ்சாவூருக்குப் போகிறோம். அவளுடைய பழைய சோதனைத் தாள்களை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், சாமை இரண்டு கிலோ வாங்க வேண்டும், கொள்ளை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.