ஒரு பிரமாணத்தின் கடைசி வரி: பிராட்லா விவகாரம்

கிறிஸ்தவர்களும் கடவுள் மறுப்பாளர்களும் மோதிக்கொண்ட கதைகளில் சட்டநுணுக்கத்தோடு படிக்க வேண்டிய ஒன்று, 1880இல் லண்டன் நாடாளுமன்றத்தில் தொடங்கிய சார்லஸ் பிராட்லா விவகாரம். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம் அங்கே ஓரமாகத்தான் நின்றது. நாத்திகர் ஒருவர் எந்த வாசகத்தைச் சொல்லிப் பதவியேற்பது என்பதிலேயே ஆறு வருஷம் ஓடிப்போயிற்று.

பிராட்லா 1833இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் ஞாயிறு பள்ளி ஆசிரியர். இங்கிலாந்து திருச்சபையின் 39 கோட்பாடுகளும் சுவிசேஷங்களும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லையே என்று குருவானவருக்கு எழுதிக் கேட்டார். விளக்கம் வரவில்லை, பையன் நாத்திகனாகிவிட்டான் என்று தகப்பனாருக்குக் கடிதம் போனது. சந்தேகம் கேட்டவனுக்கு முத்திரை குத்தி அனுப்பும் இந்தப் பழக்கம் எதிரணிக்கு எத்தனை ஆட்களைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது என்று எந்தச் சபையும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1866இல் அவர் நேஷனல் செக்யுலர் சொசைட்டியைத் தொடங்கினார். 1880 பொதுத்தேர்தலில் செருப்புத் தொழிலாளர் ஊரான நார்தாம்டன் அவரை ஜெயிக்க வைத்தது.

இனி சட்டம். ஜெயித்து வந்த உறுப்பினர், ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்து, ‘கடவுள் எனக்குத் துணைசெய்வாராக’ என்று முடிக்க வேண்டும். பிறகு பதிவேட்டில் கையெழுத்து. அதற்கு முன்னால் சபையில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டால் ஒவ்வொரு ஓட்டுக்கும் 500 பவுண்டு அபராதம். சத்தியத்துக்குப் பதிலாக, கடவுள் பெயர் வராத உறுதிமொழி சொல்லும் வழியை 1866ஆம் வருஷச் சட்டம் சிலருக்குத் திறந்து வைத்திருந்தது: குவேக்கர்கள், மொரேவியர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர், ‘தற்போதைய சட்டம் அனுமதிக்கும் மற்றவர்கள்’. அந்த ‘மற்றவர்கள்’தான் சிக்கல். 1869, 1870 சாட்சியச் சட்டங்கள் மத நம்பிக்கை இல்லாதவரும் நீதிமன்றத்தில் உறுதிமொழி சொல்லிச் சாட்சி அளிக்கலாம் என்றிருந்தன. அப்படியானால் நானும் ‘மற்றவர்’தானே என்றார் பிராட்லா. ஆராய்ந்த குழுவில் ஓட்டுகள் சமமாகப் பிரிய, தலைவரின் ஓட்டு அவருக்கு எதிராக விழுந்தது.

சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரமாணத்தில் சில சொற்கள் எனக்குப் பொருளற்றவை, ஆனாலும் அதன் உட்கருத்து என்னைக் கட்டுப்படுத்தும் என்று பத்திரிகையில் ஒரு கடிதமும் வெளியிட்டார். நேர்மைதான், ஆனால் எதிரிகளுக்கு அல்வா. நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தச் சபையில் அதற்கு முன்பும் ஓசையில்லாமல் பிரமாணம் எடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அவர்களுடைய மனசைத் திறந்து பார்க்கவில்லை. இவரோ வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். உடனே, வாயால் சொல்லி மனத்தால் மறுக்கும் சத்தியம் தெய்வ நிந்தனை என்று எதிர்த்தரப்பு எழுந்தது. உறுதிமொழி சொல்ல நீ குவேக்கர் இல்லை, சத்தியம் செய்ய நீ விசுவாசி இல்லை. இரண்டு கதவும் சாத்தியாயிற்று.

வெளியேற மறுத்தவரை ஜூன் 23 அன்று நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்து வைத்தார்கள். அதன்பின், சட்டரீதியான விளைவு உன் பொறுப்பு என்ற நிபந்தனையோடு உறுதிமொழி சொல்ல விட்டார்கள். அவர் ஓட்டுப் போட்டதும் கிளார்க் என்பவர் அபராதம் கேட்டு வழக்குப் போட்டார். சாட்சியச் சட்டம் சாட்சிக் கூண்டுக்கு மட்டும்தான் என்று 1881இல் தீர்ப்பாகி, பதவி போனது. நார்தாம்டன் மறுபடியும் அவரையே அனுப்பியது. ஆகஸ்டில் உள்ளே நுழையப் போனவரைப் போலீசும் சபைக் காவலர்களும் சட்டை கிழியப் படிக்கட்டில் தள்ளி இறக்கினார்கள். 1882இல் சொந்தமாக ஒரு புதிய ஏற்பாட்டைப் பையில் கொண்டுவந்து, தனக்குத் தானே பிரமாணம் செய்துவைத்துக் கையெழுத்தும் போட்டார். சபை அவரை நீக்கியது. ஊர் மறுபடியும் தேர்ந்தெடுத்தது. 1880 முதல் 1885 வரை மொத்தம் ஐந்து தடவை ஜெயித்தார். அபராத வழக்கிலோ, அதைக் கேட்கும் உரிமை அரசுக்குத்தான், தனியாளுக்கு இல்லை என்று 1883இல் மேல்முறையீட்டில் அவர் பக்கமே தீர்ப்பானது.

இதை விசுவாசிகள் ஒருபுறம், நாத்திகர்கள் மறுபுறம் என்று படித்தால் விஷயமே தவறிவிடும். கத்தோலிக்கக் கர்தினால் மேனிங் பிராட்லாவை எதிர்த்து எழுதினார். அவருக்காகப் பேசியவர்களிலும் பக்திமான்கள் உண்டு: பிரதமர் கிளாட்ஸ்டன், குவேக்கரான ஜான் பிரைட். ஏதோ ஒரு கடவுளை நம்புகிறவர் வரலாம், நம்பாதவர் மட்டும் கூடாது என்று கோடு கிழித்தால் அது கிறிஸ்துவத்துக்கு என்ன காவல் என்பது 1883இல் கிளாட்ஸ்டன் எடுத்துவைத்த வாதம். அதற்கு யாரும் சரியான பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உறுதிமொழியை எல்லாருக்கும் திறந்துவிட அவர் அரசு கொண்டுவந்த மசோதா 289க்கு 292 என்று மூன்றே ஓட்டில் தோற்றது.

குவேக்கர்களுக்கு அந்த மாற்றுவழி எப்படிக் கிடைத்தது? ‘பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்’ என்ற மத்தேயு 5:34ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, சிறைக்குப் போனாலும் சத்தியம் செய்யமாட்டோம் என்று நின்றவர்கள் அவர்கள். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்’ சொன்னால் போதும் என்பது அதே மலைப்பிரசங்கம். நாத்திகர் கேட்ட உறுதிமொழி, கிறிஸ்தவர்கள் வேத வசனத்தைச் சொல்லிப் போராடி வாங்கியது. சத்தியம் கட்டாயம் என்று கூச்சல் போட்டவர்கள் அந்த அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

1886 ஜனவரியில் சபாநாயகர் ஆர்தர் பீல், பிரமாணம் எடுக்க வருகிறவரை இடைமறிக்க எவருக்கும் உரிமையில்லை என்று சொல்லிவிட்டார். பிராட்லா சத்தியம் செய்து உட்கார்ந்தார். பிறகு அவரே கொண்டுவந்த 1888 சட்டம், சத்தியத்துக்கு ஆட்சேபம் சொல்கிறவர் உறுதிமொழி எடுக்க வழிசெய்தது. ஒரு நிபந்தனை: எனக்கு மத நம்பிக்கை இல்லை, அல்லது சத்தியம் என் மதத்துக்கு விரோதம், இரண்டில் ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் கேட்காத சட்டம் 1978இல்தான் வந்தது.

அவமதிப்பு ஒருவழிப் பாதையும் இல்லை. 1891இல் பிராட்லா இறந்தபோது, லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தியும் அடக்கத்துக்குப் போனார். திரும்பும்போது ரயில் நிலையத்தில் நாத்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை மடக்கி, பூமியின் சுற்றளவு இத்தனை மைல் என்கிறீர்களே, உங்கள் கடவுளின் அளவென்ன, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நம் இருவர் இதயத்திலும் இருக்கிறார் என்றார் பாதிரியார். என்னைக் குழந்தை என்று நினைத்தீரா என்று சொல்லிவிட்டு, கேட்டவர் ஜெயித்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாராம். நாத்திகத்தின் மேல் தனக்கிருந்த வெறுப்பு அன்று கூடியதாகக் காந்தி எழுதியிருக்கிறார். சவ அடக்கத்துக்கு வந்த இடத்தில் மட்டம் தட்டி வாங்கிய வெற்றிக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

இந்தியாவில் இந்த முடிச்சு முன்பே தளர்ந்திருந்தது. 1873ஆம் வருஷச் சட்டம், சாட்சி இந்துவோ முஸ்லிமோ சத்தியத்தை ஆட்சேபிப்பவரோ என்றால் உறுதிமொழி போதும் என்றது. அதாவது லண்டனில் பிராட்லாவைத் தள்ளிவிட்ட காலத்தில், சென்னைக் கோர்ட்டில் அவரைப் போன்ற ஒருவர் சத்தியம் இல்லாமலே சாட்சி சொல்லியிருக்கலாம். 1880களில் ‘தத்துவ விவேசினி’ நடத்திய சென்னைச் சுயசிந்தனையாளர்கள் பிராட்லாவைத் தங்கள் ஆளாகவே கருதினார்கள். இன்று அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை ‘கடவுள் பெயரால்’, ‘உளமார’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. தமிழக அமைச்சர்கள் பலர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்பது இதில் இரண்டாவது. கோர்ட்டுக்குச் சாட்சியாகப் போகிறவருக்கு 1969ஆம் வருஷச் சட்டம். சினிமாவில் வருவதுபோல் கீதை மேலோ பைபிள் மேலோ கைவைக்க வேண்டியதில்லை. கூண்டில் ஏறியதும், வாசகத்தைப் படிக்க ஆரம்பிக்கும் முன்பே ‘உறுதிமொழி எடுக்கிறேன்’ என்று சொன்னால் சரி. காரணம் சொல்ல வேண்டாம். பொய் சொன்னால் தண்டனை இரண்டுக்கும் ஒன்றே.