பெருங்கேடு இல்லாத இடையூறு

ஒருவருக்கு அசௌகரியம் உண்டாக்குவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘இன்கமோட்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. பழைய நூல்களைப் படிப்பவர்கள் அதைச் சந்திக்கலாம். இன்றைய பேச்சில் கேட்பது அரிது. அதன் உடன்பிறப்பான ‘டிஸ்கமோட்’ அதைவிட அரிது. ‘டிஸ்கமொடேட்’ என்ற மூன்றாவது வடிவமோ அடியோடு மறைந்துவிட்டது.

இலத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. உரிய அளவோடு பொருந்தி அமைந்ததை, அதனால் வசதியாக இருப்பதை, ‘கொம்மோடுஸ்’ என்றார்கள். அதன் எதிர்மறையிலிருந்து பிறந்த வினை, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே ஒருவரை ‘இன்கமோட்’ செய்வது என்பது, வேர்ப்பொருளின்படி, அவருக்குப் பொருந்தி அமைந்திருந்த ஒழுங்கைக் குலைப்பதாகும். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில், மிகப் பெரிய கேடு விளைவிக்காமல் தடையோ சங்கடமோ தருவது என்று இதற்குப் பொருள் எழுதினார். அந்த ‘மிகப் பெரிய கேடு விளைவிக்காமல்’ என்ற வரையறையை நான் மிகவும் மதிக்கிறேன். துன்பத்தின் தன்மையோடு அதன் அளவையும் அது சொல்லிவிடுகிறது.

இதே வேரில் கிளைத்த பிற சொற்கள் நன்றாகவே வாழ்கின்றன. தங்குமிடத்தைக் குறிக்கும் ‘அக்காமடேஷன்’ அவற்றுள் ஒன்று. சரக்கு என்று நாம் அறிந்த ‘கமாடிட்டி’, ஷேக்ஸ்பியரின் ‘கிங் ஜான்’ நாடகத்தில் உலகையே கோணலாக இழுத்துச் செல்லும் தன்னலத்தைக் குறித்தது. ‘கமோட்’ என்ற பெயர்ச்சொல்லின் பயணம் இன்னும் விந்தையானது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பெண்களின் உயர்ந்த தலையலங்காரத்துக்குப் பெயராயிற்று. அதையொட்டிய காலத்திலேயே பிரான்சில் இழுப்பறைகள் கொண்ட அழகிய மேசைக்கும் பெயராயிற்று. பதினான்காம் லூயிக்காக ஆந்த்ரே-ஷார்ல் பூல் 1708இல் செய்தளித்த இரண்டு கமோடுகள் புகழ்பெற்றவை. கழிகலம் பொருத்திய நாற்காலிக்கு அப்பெயர் வழங்கியது அதற்கும் பிந்தியே. அந்த நாற்காலியின் நினைவு வினைச்சொல்லின் மீதும் படிந்து, நாகரிகமாகப் பேச விரும்பியவர்களை அதிலிருந்து விலகச் செய்திருக்கலாம் என்பது என் ஊகம். அசௌகரியத்தைக் குறிக்கும் ‘இன்கன்வீனியன்ஸ்’ என்ற சொல் வினையாகவும் வழங்கியதால், அந்த இடம் வெறுமையாகத் தெரியவில்லை.

பிரெஞ்சிலோ ‘ஆன்கொமொதே’ இன்றும் வழக்கில் இருக்கிறது. தீ விபத்துச் செய்திகளில், பலத்த காயமின்றிப் புகையால் மட்டும் அவதிப்பட்டவர்களை அந்நாட்டு நாளிதழ்கள் இச்சொல்லால்தான் குறிப்பிடுகின்றன.