பொகவந்தலாவையில் எடுத்து ரொறன்ரோவில் வெட்டிய குறும்படம்

புலம்பெயர்ந்த இயக்குநர்களின் குறும்படங்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு விழாவுக்குப் படம் அனுப்பப் போவதாக ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தி மகன் சொன்னபோது, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் கமராவைப் பிடிக்க அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. படப்பிடிப்பு எனக்கு, படத்தொகுப்பு அவனுக்கு, இயக்கம் இருவருக்கும் என்று பிரித்துக்கொண்டோம். கதையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) மூன்று பெண்கள். மூத்தவரான பெரியம்மா 1970களில் கணவரோடு இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் குடியேறினார். நடுப்பிள்ளையான என் அம்மா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். கடைக்குட்டியான சித்தியின் மகன்தான் கனடாக்காரன். விழா அனுமதித்த 15 நிமிடங்களுக்குள் இந்த மூன்று வீடுகளும் அடங்க வேண்டும்.

தம்பி முதலில் அனுப்பிய காட்சிப் பட்டியலில் பனிமூட்டம், கொழுந்து பறிக்கும் பெண்கள், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ஊர்ந்து போகும் ரயில் எல்லாம் இருந்தன. தேயிலைப் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை நாம் ஏன் மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்டேன். ஊரை விட்டுப் போனவர்களின் படங்களில் ஊர் எப்போதும் அழகாகவே இருப்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. பதிலுக்கு அவன் என்னைப் பார்க்கச் சொன்னது, சார்லி சாப்ளின் 1917இல் எடுத்த 'தி இமிக்ரண்ட்'. சாப்ளினே இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர். அந்தக் குறும்படத்தில் கப்பலில் வந்தவர்கள் சுதந்திர தேவி சிலையை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். அடுத்த கணமே அதிகாரிகள் ஒரு கயிற்றை இழுத்து அவர்களை ஒதுக்கி நிறுத்துகிறார்கள். வசனமே இல்லை, கயிறு மட்டும்தான். எங்கள் படத்தில் அந்தக் கயிற்றின் வேலையைச் செய்யக்கூடியது எது என்று இருவரும் யோசித்தபோது, அம்மாவின் தகரப் பெட்டிக்குள் இருந்த கடதாசிகள் ஞாபகத்துக்கு வந்தன.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த எங்கள் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் 1964 ஒக்டோபரில் கையெழுத்திட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், அப்படி இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதி பாதியாக ஏற்றுக்கொண்டன. வீட்டுக்குள் இந்தக் கணக்கு எப்படி நுழைந்தது என்பதைத்தான் நாங்கள் காட்ட விரும்பினோம். பெரியப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்ததால் பெரியம்மாவின் பெயர் அவருடைய குடும்ப அட்டையில் ஏறியது. இங்கேயே பிறந்த என் அப்பாவுக்கோ 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. பெரியம்மாவின் அட்டையின் பிரதியொன்றும் அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரமும் அந்தப் பெட்டிக்குள் ஒரே உறையில் கிடந்தன.

தோட்டத்தில் படம் எடுப்பதற்கு நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். கதைச் சுருக்கத்தைக் கேட்டார்கள். சம்பளப் பிரச்சினையைத் தொடுகிறோமா என்பதே அவர்களுடைய கவலை. கடிதங்களுக்குப் பதில் வராமல் இழுபட்டு, தோட்டத் தலைவர் கூட வந்து பேசிய பிறகு, தொழிற்சாலைக்குள் கமரா வரக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கமரா முன் பேசுகிறவர்களிடம் வாங்க வேண்டிய சம்மதப் பத்திரந்தான் இதைவிடச் சிக்கலாக இருந்தது. விழாக் குழு ஆங்கிலத்தில் அனுப்பிய படிவத்தை நான் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினேன். "கையெழுத்து வச்சா எங்கயாவது அனுப்பிருவாங்களாப்பா?" என்று பக்கத்துக் காம்பராப் (தொழிலாளர் வீட்டு அறை) பாட்டி கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கையெழுத்துக்குப் பதிலாகக் கமரா முன் வாய்மொழிச் சம்மதம் பதிவு செய்தேன். விழாக் குழு அதை ஏற்றுக்கொண்டது.

மேற்குச் சரிவில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒலிப்பதிவு செய்ய வழியே இல்லை. தகரக் கூரையில் மழை விழும்போது எந்த மைக்கும் கைகொடுக்காது. ஆகவே ஜனவரியிலிருந்து மார்ச் வரையில் காலை வேளைகளில் எடுத்தோம். பிரட்டு என்கிற காலை வேலைப் பங்கீடு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் அமைதியாகிவிடும். பீலியில் (தண்ணீர் விழும் குழாயில்) கொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் பின்னணியில் இருக்கும். காம்பராவுக்குள் ஜன்னல் வெளிச்சம் போதாமல் பல்பைப் போட்டால், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குக் கமராவின் ஷட்டர் பொருந்தாதபோது படம் மினுங்கும். ஐம்பதில் ஒரு விநாடி ஷட்டரும் விநாடிக்கு 25 சட்டகமும் வைத்ததும் அது நின்றது.

கோத்தகிரிப் பகுதியைப் பெரியம்மாவின் பேரன் கைப்பேசியில் எடுத்தான். கைப்பேசி தானாகவே சட்டக வேகத்தை மாற்றிக்கொள்வதால் உதட்டசைவும் குரலும் மெல்ல மெல்ல விலகின. வேகத்தை 25இல் பூட்டிவைக்கும் செயலி ஒன்றைப் போட்டு, குரலை இன்னொரு கைப்பேசியில் தனியாகப் பதிய வைத்த பிறகே சரியானது. பெரியம்மா பேசியது முழுக்கப் பயணத்தைப் பற்றித்தான். ஹட்டனில் ஏறிய கோச்சி பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி என்று போய்த் தலைமன்னாரைத் தொட்டதையும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இறங்கியதையும் ஒரு நிலையத்தையும் விடாமல் சொன்னார். அந்த ரயிலுக்கு மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்ததை அவரிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். "அழுதது மேடையில நின்னவங்க. நாங்க சாமான எண்ணிக்கிட்டு இருந்தோம்" என்றார். தம்பி அந்த இடத்தில் புல்லாங்குழல் இசை சேர்த்திருந்தான். எடுத்துவிடச் சொன்னேன்; கொஞ்சம் முறுகிக்கொண்டுதான் எடுத்தான்.

பெரியம்மா பேசுகிற வேகத்துக்கு ஆங்கிலத் துணையுரை எழுதுவது பெரும்பாடு. திரையில் இரண்டு வரி, வரிக்கு ஏறக்குறைய நாற்பது எழுத்து, அதுவும் சில விநாடிகளே நிற்கும். நிலையப் பெயர்களை வெட்டினால் படிக்க வசதி என்றார்கள். அவற்றை விட்டுவைத்து மற்றதைச் சுருக்கினோம்.

விண்ணப்பப் படிவத்தில் இயக்குநர் பிறந்த நாடு, வசிக்கும் நாடு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. தம்பிக்கு இரண்டும் வேறு. எனக்கு இரண்டும் இலங்கை. இணைஇயக்குநரும் புலம்பெயர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. என் முன்னோர் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்ததையும், பிறந்த மண்ணிலேயே என் அப்பா 1988 வரை எந்த நாட்டவராகவும் இல்லாதிருந்ததையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சட்டங்களின் ஆண்டுகளோடு அனுப்பினேன். இரு பெயரையும் ஏற்றுக்கொண்டார்கள்.

படம் விழாவில் ஓடிய பிறகு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் திரையிட்டோம். பதினைந்து நிமிடம்கூட ஓடாத படம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. குடும்ப அட்டை திரையில் வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். தங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்தது, கரையான் தின்றுவிட்டது என்று ஒருவர் சொல்ல, போனவர்களின் பெயர்களைப் பின்வரிசையில் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்; கூடலூருக்கு யார், வால்பாறைக்கு யார் என்பதில் வாக்குவாதம்கூட வந்தது. அட்டை நிற்கும் நேரம் போதவில்லை என்று தம்பிக்கு எழுதினேன். விழாப் பிரதியைத் தொட முடியாது, தோட்டங்களில் காட்டும் பிரதியில் அந்தக் காட்சியை நீட்டித் தருகிறேன், அடுத்த திரையிடலுக்கு முன் வந்துசேரும் என்று பதில் போட்டிருக்கிறான்.