மொராக்கோ தோல் பூஃப்: காலி உறை வாங்கி வீட்டிலேயே அடைத்துப் பார்த்தது

மொராக்கோ பூஃப் கட்டுப்படியாகிற விலையில் வேண்டும் என்றால் காலி உறையாக வாங்குங்கள், அடைப்பதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ரொம்ப நாளாக விலை விசாரித்து, வாங்கி, அடைத்து, இப்போது உட்கார்ந்து பழகியும் ஆகிவிட்டது, அதனால் தைரியமாகவே சொல்கிறேன். பூஃப் பழக்கமில்லாதவர்களுக்கு: முதுகு சாய இடமில்லாத, உருண்டையான, தாழ்வான தோல் திண்டு. உட்காரலாம், சோபாவில் இருந்தபடி காலை நீட்டி வைக்கலாம், மேலே ஒரு அகலமான தாம்பாளத்தை வைத்தால் டீப்பாய் ஆகிவிடும்.

50 செ.மீ. விட்டம், 35 செ.மீ. உயரம் என்பது வழக்கமான அளவு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 69 லிட்டர் இடம் பிடிக்கும். அத்தனை பஞ்சையும் காற்றையும் நாடு விட்டு நாடு ஏற்றி இறக்குகிற கூலியும் அடைத்த பூஃபின் விலையில் சேர்ந்துவிடுகிறது. உறை மட்டும் என்றால் எடை ஒன்று, ஒன்றரை கிலோதான், மடித்தால் கைப்பைக்குள் போய்விடும். மொராக்கோ கடைகளிலேயே அடைத்தது ஒன்றிரண்டு காட்சிக்கு இருக்கும், நம் கையில் கொடுப்பது தட்டையாக மடித்த உறையைத்தான்.

மொராக்கோவின் மராகேஷ் நகரத்துக்குப் போகிறவர்கள் சூக் எனப்படும் பழைய சந்தையின் சந்துகளுக்குள் நுழைவதற்கு முன்னால் ஆன்சாம்பிள் ஆர்டிசனாலுக்கு ஒரு நடை போய்விடுங்கள். ஐந்தாம் முகமது அவென்யூவில் இருக்கும் அரசு கைவினை வளாகம் அது, நிலையான விலை. அங்கே நிதானமாக நாலைந்து உறைகளைப் புரட்டிப் பார்த்து, எந்தத் தையலுக்கு என்ன விலை என்று மனதில் வாங்கிக்கொண்டு அப்புறம் சூக்குக்குப் போனால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். நான் வாங்கிய உறைக்குக் கடைக்காரர் 650 மொராக்கோ திர்ஹாமில் ஆரம்பித்தார், 300-க்குப் படிந்தது. ஒரு டாலருக்கு ஏறக்குறைய 9 முதல் 10 திர்ஹாம் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சாயம் போடாத இயற்கை நிறம் என்பதும் உதவியது. அதே கடையில் சிவப்பும் நீலமும் கூடுதலாகச் சொன்னார்கள், மேல்பக்கம் முழுக்க எம்பிராய்டரி போட்டதற்கு இன்னும் கூடுதல்.

ஃபெஸ் நகரத்தில் சுவாரா என்ற இடத்தின் தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்த்த பிறகு எனக்கு இந்தப் பொருள் மேல் இருந்த மரியாதையே வேறாகிவிட்டது. 1981-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மதீனாவுக்குள், அதாவது பழைய நகரத்துக்குள், சுற்றிலும் இருக்கிற தோல் கடைகளின் மொட்டை மாடியில் இருந்து கீழே பார்க்க வேண்டும். நாற்றத்துக்கு மூக்கில் வைத்துக்கொள்ள ஒரு கொத்துப் புதினா கொடுப்பார்கள். வெள்ளையாகத் தெரியும் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தண்ணீர், மயிர் கழன்று தோல் மிருதுவாவது அதில்தான். பக்கத்தில் இருப்பவை சாயத் தொட்டிகள். மரபாக நீலத்துக்கு அவுரி, ஆரஞ்சுக்கு மருதாணி, பழுப்புக்கு தேவதாரு மரம் என்று சொல்வார்கள், இப்போது செயற்கைச் சாயங்களும் புழங்குகின்றன. இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் இறங்கி நின்று காலால் மிதித்துத் தோலைப் புரட்டுகிறார்கள். இவ்வளவு உழைப்பு இருக்கிற ஒன்றை அடிமாட்டு விலைக்குக் கேட்க எனக்கு மனசு வரவில்லை, நியாயமான விலைக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் என் கணக்கு. அந்த மொட்டை மாடிக் கடைகளில் மட்டும் நான் வாங்கவில்லை, எனக்குச் சொன்ன விலைகள் மராகேஷில் கேட்டதைவிட நிறையவே அதிகம்.

இனி நேரில் போக முடியாதவர்களுக்கு. இணையத்தில் 'மொராக்கோ பாணி' என்று போட்டிருப்பதில் ஏகப்பட்டவை ரெக்சின். இன்னொரு வகை பாண்டட் லெதர், அதாவது தோல் தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய தாள், கொஞ்ச காலத்தில் செதில் செதிலாக உரியும். விலையை வைத்தே ஓரளவு சந்தேகப்படலாம். மேலே சொன்ன அளவுள்ள பூஃபின் வெளிப்பரப்பு 0.94 சதுர மீட்டர், தையல் மடிப்பும் வெட்டு வீணும் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டரைத் தாண்டும். ஒரு ஆட்டுத்தோல் சுமார் அரை சதுர மீட்டர்தான் தேறும், ஆக இரண்டு மூன்று தோலாவது வேண்டும். அந்தத் தோலின் விலையே வராத தொகைக்கு முழு பூஃப் கிடைக்கிறது என்றால் அது தோல் இல்லை. அந்த விலைதான் கட்டுப்படியாகும் என்றால் ரெக்சினை விட்டுவிட்டுக் கனமான பருத்தி பூஃபோ கம்பளி பூஃபோ வாங்குங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும், உரியவும் உரியாது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படம் ஒன்றுதான்: உறையை உள்வெளியாகப் புரட்டி எடுத்த படம். அதைக் கேட்டவுடன் தயங்காமல் அனுப்புகிறவரிடம் வாங்கலாம். உள்பக்கம் நல்ல தோலில் துணி ஒட்டியிருக்காது, தொட்டால் மெல்லிய நார்நாராக, வெல்வெட்டை எதிர்ப்பக்கம் தடவுவது மாதிரி இருக்கும். நான் வாங்கியதைப் புரட்டிப் பார்த்தபோது நடுவில் பட்டைகள் கூடுகிற இடத்தில் நூல் முடிச்சுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருந்தன, ஒரு பட்டையின் ஓரத்தில் பென்சிலால் போட்ட கோடு அப்படியே இருந்தது, இன்னொரு பட்டையில் பழைய கீறல் ஆறிய தழும்பு. தழும்பு இருந்தால் வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள், அது வலுவைக் குறைப்பதில்லை, விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணமும்கூட. பார்க்க வேண்டியது அடிப்பக்க ஜிப்பின் இரண்டு முனைகளையும்தான். அடைக்கும்போது அத்தனை இழுவையும் அங்கேதான் விழும், அந்த முனையில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நிறம் போட்ட உறை என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் துணியில் ஏறினால் நாளைக்கு உங்கள் உடையிலும் ஏறும்.

வந்த புதிதில் உறையில் வாடை அடித்தது, அது எதிர்பார்த்ததே. ஜிப்பைத் திறந்து, உள்ளே சமையல் சோடாவைத் தூவி, நிழலில் காற்றோட்டமாக வைத்து, அவ்வப்போது தட்டிக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தூவினேன். வெயிலில் மட்டும் போடாதீர்கள், தோல் எண்ணெய்ப்பசை போய் வெடிக்கும். சில வாரங்களில் வாடை தணிந்தது, இப்போது மூக்கைக் கிட்டே கொண்டு போனால் பழைய புத்தக அட்டை வாசம் மாதிரி லேசாக இருக்கிறது, எனக்கு அது பிடித்துமிருக்கிறது.

இனி அடைப்பது, இதில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். ஒரு பூஃப் உட்கார நன்றாக இருப்பதும் தொளதொளவென்று சரிவதும் முழுக்க இதில்தான் இருக்கிறது. தெர்மோகோல் குண்டுகள் மட்டும் போட்டால் லேசாக இருக்கும், ஆனால் உட்கார்ந்தால் பக்கவாட்டில் பிதுங்கும், நாளாக நாளாக நசுங்கி உயரமும் குறையும். செய்தித்தாள் சரசரக்கும், ஈரத்தையும் இழுக்கும். வெறும் பஞ்சு என்றால் மேலே மெத்தென்று இருக்கும், நடுவில் குழி விழும். நைந்த போர்வை, துண்டு, பழைய துணிமணிதான் என் அனுபவத்தில் சரியாக வந்தது, செலவும் இல்லை.

முதலில் பழைய பருத்தி விரிப்பில் ஒரு பை தைத்து உள்ளே விட்டேன், துணியின் சாயமும் தூசும் தோலில் படாது, பின்னால் மொத்தமாக உருவி எடுக்கவும் வசதி. பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் அடைபட்டுப் பூஞ்சை வரும். ஒரு கனமான போர்வையை 30 செ.மீ. அகலத்துக்கு மடித்து, இறுக்கமாக உருளையாகச் சுருட்டி, கயிற்றால் கட்டி நடுவில் நிற்க வைத்தேன். ஆளின் எடையைத் தாங்குவது இந்தத் தூண்தான். அதைச் சுற்றி மடித்த துண்டுகளை வளையம் வளையமாகச் செருகிக்கொண்டே வந்தேன். பக்கவாட்டுப் பட்டையும் மேல்வட்டமும் சேருகிற தையல் மூலையில் சின்னத் துணித் துண்டுகளை விரலால் தள்ளித் தள்ளி நிரப்ப வேண்டும், இதை அவசரப்பட்டு விட்டுவிட்டால் ஓரம் சுருங்கி, என்ன செய்தாலும் கடையில் பார்த்த வடிவம் வராது. உட்காரும் பக்கம் மட்டும் ஒரு பழைய ரஜாயை வட்டமாக வெட்டி வைத்தேன், தையலின் மேடு பள்ளம் உடம்பில் உறுத்தாது. உறையைத் தலைகீழாக வைத்து அடிப்பக்கத்தில் இருந்து அடைப்பதால் ரஜாய்தான் முதலில் உள்ளே போக வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

மொத்தம் பத்து கிலோவுக்கு மேல் துணி இழுத்தது. ஜிப் மூடுகிற கட்டத்தில் ஒருவர் மேலே இருந்து அழுத்த, இன்னொருவர் இரண்டு ஓரங்களையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுக்க வேண்டும். ஜிப்பை வைத்தே தோலைச் சேர்த்து இழுத்தால் பல் கழன்றுவிடும்.

இப்போதைய நிலை: உயரம் 36 செ.மீ.யில் ஆரம்பித்து 32-க்கு இறங்கியிருக்கிறது, மேலே இருந்த வரிவரியான மடிப்புச் சுருக்கம் பெரும்பாலும் போய்விட்டது. ஜன்னல் பக்கம் இருந்த பாதி தேன் நிறத்துக்குக் கறுத்தது, மறுபாதி இன்னும் வெளிறித்தான் இருக்கிறது, அதனால் வாரா வாரம் கொஞ்சம் திருப்பி வைக்கிறேன். நிறமற்ற லெதர் கண்டிஷனரை அடிப்பக்கத்தில் தடவிப் பார்த்ததில் ஒரு சாயல் கூடுதலாகக் கறுத்தது, எனக்குச் சம்மதமான நிறம்தான், மேலேயும் தடவப் போகிறேன். அதற்கு முன்னால் ஜிப்பைத் திறந்து இன்னும் இரண்டு கிலோ துணி, எல்லாமே ஓரங்களுக்கு.